எஸ் பாஸ் ரிஜெக்ட் ஆனதும் "அப்பீல் காசு" கேட்கிறார்களா? அனுப்பாதீர்கள்

சிங்கப்பூருக்கு எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைகளுக்கான வேலை அனுமதி) போட்டு ரிஜெக்ட் ஆகி, "அப்பீல் போட்டுடலாம் தம்பி, கொஞ்சம் செலவாகும்" என்று ஏஜென்ட் சொல்கிற கட்டத்தில் யாராவது இருந்தால், காசை அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் மச்சானுக்கு நடந்தது.

மச்சான் மெக்கானிக்கல் டிப்ளமோ. இங்கே சிங்கப்பூரில் வண்டி ரிப்பேர் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியன் வேலை என்று ஊரில் ஒரு ஏஜென்ட் பிடித்துக் கொடுத்தார், ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டுதான். கொஞ்ச நாளில் ரிஜெக்ட். அதுவரைக்கும் நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ரிஜெக்ட் ஆவது இங்கே சகஜம். அப்புறம்தான் ஆரம்பித்தது. பாஸ் கொடுக்கும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சில், அதாவது எம்.ஓ.எம்.மில், தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், அப்பீலுக்கு எழுபதாயிரம் கட்டினால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்றார். கட்டினார்கள். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் "அப்பீல் பெண்டிங்" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் பாஸ்போர்ட் நம்பரும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை.

எனக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்து, அந்தக் கம்பெனிக்கே போன் போட்டேன். ஹெச்.ஆரில் பேசிய அம்மா, "அப்பீலா? நாங்க போடவே இல்லையே, போட்டும் பிரயோஜனம் இல்லை" என்றார். காரணம் அவர்களுக்கு வந்த கடிதத்திலேயே இருந்ததாம், கோட்டா இல்லை. சர்வீஸ் துறையில் மொத்த ஆட்களில் 10 சதவீதம் பேர்தான் எஸ் பாஸில் இருக்கலாம். உள்ளூர் ஆட்கள் சிலர் வேலையை விட்டுப் போனதால் அந்தக் கணக்கு சுருங்கிவிட்டது. உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, அவர்களுக்கு விதிப்படி சம்பளம் கொடுத்து, கோட்டா திரும்ப வந்தால்தான் அப்பீலில் சொல்ல ஏதாவது இருக்கும். எழுபதாயிரம் ரூபாயை யாரிடம் கொடுத்தாலும் கோட்டா வளராது!

இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பீல் போடுவது வேலை கொடுக்கும் கம்பெனி, இல்லையென்றால் அந்தக் கம்பெனி நியமித்த லைசென்ஸ் உள்ள ஏஜென்ட். வேலைக்கு வருகிறவர் போட முடியாது, ஊரில் இருக்கும் புரோக்கரும் போட முடியாது. ரிஜெக்ட் ஆன 3 மாதத்துக்குள் போட வேண்டும், ரிஜெக்ட் ஆனதற்குச் சொன்ன காரணத்துக்குப் பதில் இருக்க வேண்டும், அதே விவரத்தைத் திரும்ப எழுதி அனுப்பினால் திரும்ப ரிஜெக்ட்தான். அதனால் யார் அப்பீல் என்று பேசினாலும் முதலில் அந்த ரிஜெக்ட் கடிதத்தைக் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். எங்கள் ஏஜென்ட் கடைசிவரை காட்டவில்லை, "அது கான்ஃபிடென்ஷியல்" என்றே ஓட்டினார்.

குட்டு உடைந்த பிறகும் அவர் விடவில்லை என்பதுதான் கொடுமை. "சரி, வேற கம்பெனி மூலமா ரெண்டாவது அப்பீல் போடலாம்" என்றார். வேறு கம்பெனி என்றால் அது அப்பீலே இல்லை, புது மனு. அதற்கு அவர் சொன்ன வழி இன்னும் மோசம்: பேப்பரில் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் காட்டிவிட்டு மாதாமாதம் 1,200 வெள்ளியை முதலாளியிடம் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சமே 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும், அதனால்தான் இப்படிப் பொய்ச் சம்பளம் காட்டச் சொல்கிறார்கள். வேலை கொடுப்பதற்காக ஆளிடம் காசு வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை ஜெயில். சம்பளத்தைப் பொய்யாகக் காட்டுவது தனிக் குற்றம். மாட்டினால் பாஸும் போகும். ஏஜென்ட் ஊரில் பத்திரமாக இருப்பார், உங்கள் தம்பிதான் இங்கே விசாரணைக்கு அலைவான்.

சிங்கப்பூர் ஏஜென்சி ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் ஆளிடம் வாங்கலாம். லைசென்ஸ் இருக்கிறதா என்று எம்.ஓ.எம். தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஊரில் ஆள் எடுப்பவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பட்டியல் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். எங்கள் ஏஜென்ட் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஜிபே ரசீது, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், அந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. இதுவரை நாற்பதாயிரம் திரும்பி வந்திருக்கிறது, மீதிக்கு "அடுத்த வாரம்" என்கிறார். அட்வான்ஸைக் கையில் ரொக்கமாகக் கொடுத்ததால் அதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறோம். இதே மாதிரி பெயரோ நம்பரோ இல்லாத "அப்பீல் பெண்டிங்" படம் உங்களுக்கும் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், ஒரே ஆளாக இருந்தால் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.