ஆங்கிலப் பேச்சுச்சொல்லுக்கு மாற்று: கடனா, ஆக்கமா, தெருவழக்கா?

கம்ப்யூட்டர் என்பதை மொழிபெயர்ப்பதும் கூல் என்பதை மொழிபெயர்ப்பதும் ஒரே வேலை இல்லை. முன்னது ஒரு பொருளின் பெயர். எந்த மொழியானாலும் பெயர் ஒன்றை வைத்து, அது நிலைத்துவிட்டால் கதை முடிந்தது. பின்னது அப்படி இல்லை. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், இருவருக்கும் எவ்வளவு நெருக்கம் என்று பலவற்றையும் தூக்கிக்கொண்டு வருகிறது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் தனித்தமிழா கலப்பா என்ற வாக்குவாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

மொழிகள் பெரும்பாலும் நான்கு வழிகளில் போகின்றன. ஒலியோடு கடன் வாங்குவது, புதுச்சொல் ஆக்குவது, துண்டு துண்டாகப் பெயர்ப்பது, தன் தெருவில் ஏற்கனவே புழங்கும் சொல்லைத் தேடிப் பொருத்துவது. என் சார்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொருள்களுக்கு ஆக்கம், கொச்சைக்குத் தெருவழக்கு. ஏன் என்பதைப் பார்ப்போம்.

கடன்தான் எல்லாவற்றிலும் வேகமானது. அது எவ்வளவு எளிது என்பதை அந்தந்த மொழியின் வினையமைப்பு முடிவு செய்கிறது. தமிழில் எந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னாலும் 'பண்ணு' சேர்த்தால் வினை தயார்: சாட் பண்ணு, டெலீட் பண்ணு. ஜப்பானியத்தில் 'சுரு', இந்தியில் 'கர்னா', துருக்கியில் 'எத்மெக்' இதே வேலையைச் செய்கின்றன. காலம் போன்றவற்றைத் துணைவினை பார்த்துக்கொள்கிறது. வந்த சொல் மாறாமல் நிற்கிறது. ஸ்பானியம் அதை அப்படி நிற்க விடுவதில்லை. ட்வீட் அங்கே 'துயித்' ஆனது; பிறகு 'துயித்தெயார்' என்று எல்லா விகுதிகளும் ஏற்கும் முழு வினையாகி, 2014-ல் வந்த ஸ்பானிய அரச கழக அகராதியின் 23-ம் பதிப்பிலும் ஏறிவிட்டது. ஜெர்மனில் டவுன்லோடுக்கு இறந்தகால வடிவம் எப்படிச் செய்வது, இறந்தகால வடிவத்தில் வரும் 'கெ' என்ற அசை முன்னால் வருமா நடுவில் வருமா என்பதிலேயே இரண்டு வழக்குகள் உண்டு. வடசொல் வரும்போது அதன் எழுத்தை விட்டு நம் எழுத்தோடு பொருந்தி வரட்டும் என்ற விதி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆக, கடன் வாங்குவது மொழிக்கு இழுக்கு என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

கடனில் எனக்குள்ள குறை வேறு. ஒலி வந்துவிடும், பொருள் வராது. 'டென்ஷன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஒருவர் டென்ஷன் ஆகிறார் என்றால் பதற்றப்படுகிறார் அல்லது கோபப்படுகிறார். ஜப்பானியத்தில் 'தென்ஷொன்' உயர்ந்திருக்கிறது என்றால் அவர் உற்சாகத்தில் துள்ளுகிறார் என்று பொருள். ஒரே ஆங்கிலச் சொல், இரண்டு மொழிகளில் ஏறத்தாழ எதிரெதிர். அதே ஜப்பானியத்தில் 'கன்னிங்கு' என்பது பரீட்சையில் காப்பி அடிப்பது. ஜெர்மானியர் 'ஹேண்டி' என்று சொல்வது கைபேசியை. ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர் இதைத்தான் கவனிக்க வேண்டும். வாசகரின் மொழியில் அந்தச் சொல் ஏற்கனவே வேறு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம்.

ஆக்கத்துக்கு வருவோம். ஐஸ்லாந்து மக்கள்தொகை சுமார் நான்கு லட்சம்தான். ஆனாலும் கணினிக்கு அவர்கள் 'தோல்வா' என்று பெயர் வைத்தார்கள். எண்ணைக் குறிக்கும் 'தாலா'வையும் குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் 'வோல்வா'வையும் பிணைத்த சொல் அது. தொலைபேசிக்கு, நூலிழை என்று பொருள்பட்ட 'சீமி' என்ற பழஞ்சொல்லைத் தூசிதட்டி எடுத்தார்கள். இரண்டுமே இன்று அன்றாடப் பேச்சில் இருக்கின்றன. சொற்கள் சின்னவை, அந்த மொழியின் வேற்றுமைகளை இயல்பாக ஏற்பவை. இதைவிட வேறு மந்திரம் எதுவும் அதில் இல்லை.

பிரெஞ்சின் அனுபவம் இன்னும் அதிகம் கற்றுத் தருகிறது. 1955-ல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் புது இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, லத்தீன் அறிஞர் ழாக் பெரே 'ஒர்தினத்தர்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்கு வழங்கிய பழைய அடைமொழி அது. பொருள் வீட்டுக்குள் நுழையும் முன்பே பெயர் வந்துவிட்டதால் இன்றுவரை அசையாமல் நிற்கிறது. 2013-ல் ஹேஷ்டேகுக்கு 'மோ தியேஸ்' என்று அரசு அறிவித்தது. அதற்குள் எல்லோர் வாயிலும் ஹேஷ்டேக் ஏறியிருந்தது. போதாக்குறைக்கு, 'தியேஸ்' என்பது இசைக்குறிப்பில் வரும் வேறொரு குறியின் பெயர். சொல் எடுபடவில்லை. மின்னஞ்சலுக்கான 'குரியெல்' கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்தில் நன்றாகப் புழங்குகிறது. பிரான்ஸ் 2003-ல் அதை அதிகாரபூர்வமாக ஏற்றும், அங்கே பலருக்கும் 'மெயில்'தான். ஒரே மொழி, ஒரே சொல், இரண்டு விதமான முடிவு. தரம் மட்டுமே ஒரு சொல்லைக் காப்பாற்றுவதில்லை. எப்போது வந்தது, அந்த ஊர் மக்கள் அதை எவ்வளவு விரும்பினார்கள் என்பதும் சேர்ந்தே காப்பாற்றுகிறது.

தமிழிலும் இதே நிலைதான். மின்னஞ்சல், செயலி, இணையம் ஆகியவை எழுத்தில் உறுதியாக நிலைபெற்றுவிட்டன. செல்ஃபிக்கு மட்டும் தற்படம், சுயமி, தாமி என்று பலவும் போட்டியிட, எதுவும் வெல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி செல்ஃபியை ஆண்டின் சொல்லாக அறிவித்தது 2013-ல். துருக்கி 'ஓஸ்செகிம்' என்று ஆக்கியது, ஸ்பானியம் எழுத்தை மட்டும் மாற்றி 'செல்ஃபி'யையே வைத்துக்கொண்டது. சீனத்தின் 'ட்ஸபாய்' எனக்கு மிகவும் பிடித்தது. தன்னைத்தானே படமெடு என்ற பொருளில் இரண்டே அசை. பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தற்படத்துக்கு அந்த வசதி இல்லை. 'தற்படம் எடுத்தான்' என்று நீட்ட வேண்டியிருக்கிறது.

துண்டு துண்டாகப் பெயர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கைஸ்கிரேப்பர் போன்ற படிமச் சொற்களுக்கு அது அழகாக அமையும். பிரெஞ்சு வானைச் சுரண்டியது, ஜெர்மன் மேகத்தைச் சுரண்டியது, நாம் வானளாவி என்றோம். கணினியின் மவுஸும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எலியாகவே இருக்கிறது. ஆனால் கொச்சைக்கு இந்த வழியில் போகவே கூடாது. கூலைக் குளிர்ச்சி ஆக்கினால் என்ன மிஞ்சும்? சீனம் மட்டும் 'கூ' என்ற தன் சொல்லைப் பிடித்து ஒலியையும் கெத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. அப்படி ஒரு வாய்ப்பு எப்போதாவதுதான் அமையும்.

சரி, அப்படியானால் கூலுக்குத் தமிழில் என்ன? ஒரே சொல் கிடையாது, தேடவும் வேண்டாம். ஒருவர் சொன்னதற்கு ஒப்புதலாக வந்தால் 'சரி'. மன்னிப்புக் கேட்டவருக்குப் பதிலாக வந்தால் 'பரவாயில்லை'. ஒருவரின் தோரணையைப் பாராட்டினால் 'கெத்து'. அமைதிப்படுத்த வந்தால் 'டென்ஷன் ஆகாதே'. நான்கு இடத்திலும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அது செய்யும் வேலை நான்கு.

ட்யூடுக்கும் இதே முறைதான். ஆங்கிலத்தில் அது வயதைச் சொல்வதில்லை. தமிழில் மச்சான் என்பதா, தம்பி என்பதா, அண்ணே என்பதா என்று முடிவெடுக்காமல் வாயைத் திறக்க முடியாது. ஸ்பெயினில் அதே இடத்தில் 'தீயோ' என்கிறார்கள். நேர்ப்பொருள் மாமா அல்லது சித்தப்பா. எங்கோ இருக்கும் அந்த மொழியும் நாமும் தோழனை உறவு சொல்லியே கூப்பிடுகிறோம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இதை விட்டுவிட்டு வசனத்தில் 'தோழா' என்று போடுவது எனக்கு ஒப்பவில்லை.

பழகியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தொடர்பை அறுத்துக்கொள்வதே கோஸ்டிங். அதை ஜெர்மன் இளைஞர்கள் கடனாகவே எடுத்து வினையாக்கிவிட்டார்கள். 'கோஸ்ட்' என்றால் பேய் என்பதற்காகத் தமிழில் பேயைக் கொண்டுவர வேண்டியதே இல்லை. 'சொல்லாமல் கொள்ளாமல் கழற்றிவிட்டான்' என்றால் போதும். வருத்தம்கூட அதில் வந்துவிடுகிறது. பிறரை ஈர்க்கும் கவர்ச்சியைக் குறிக்கும், 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்த ரிஸ்ஸுக்கு 'பேச்சிலேயே மயக்கிவிடுவான்' என்பேன்.

தெருவழக்கிலும் ஆபத்து உண்டு. ஒரு வட்டாரத்துக்கு மட்டுமே புரியும் சொல்லையும் இந்த ஆண்டு பிறந்த சொல்லையும் தவிர்க்கிறேன். ஐந்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு அவை சுமை. செய்திக் கட்டுரையில் கோஸ்டிங் என்று எழுதி ஒருமுறை விளக்கிவிட்டு மேலே போகலாம், அங்கே கடனே நேர்மை. இரண்டு வரிகளில் முடிய வேண்டிய வசனத் துணையுரையில் (சப்டைட்டிலில்) 'கழற்றிவிட்டான்' மட்டும் போதும். ஆக்வர்டு போன்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் முழு வாக்கியம்தான் போடுகிறேன்: 'எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.'