ஏசிக்குள் எந்த கேஸ்? ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290: ஓர் அலசல்

ஏசி வாங்கப் போனால் எத்தனை ஸ்டார், இன்வெர்ட்டரா, மாதத் தவணை எவ்வளவு என்று கடைக்காரர் மூச்சுவிடாமல் சொல்வார். உள்ளே என்ன கேஸ் என்று கேட்டால் மட்டும் "எல்லாம் எக்கோ ஃப்ரெண்ட்லி சார்" என்று முடித்துவிடுவார். அவரை விடுங்கள். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு லேபிளில் கேஸின் பெயரும், எத்தனை கிராம் என்பதும் அச்சிட்டிருக்கும். வீட்டு ஏசிகளில் பொதுவாகக் கண்ணில் படுபவை நான்கு: பழைய ஆர்-22, அதற்கு அடுத்து வந்த ஆர்-410ஏ, இப்போது கடைகளை நிறைத்திருக்கும் ஆர்-32, எப்போதாவது தென்படும் ஆர்-290.

இவற்றின் குணம் பிடிபட வேதியியல் கொஞ்சம் போதும். மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன் எல்லாம் எரிபவை. அவற்றிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிட்டு ஃப்ளூரினை வைத்துக்கொண்டே போனால் எரியும் குணம் குறையும். ஆனால் அந்த வாயு காற்றில் பல ஆண்டுகள் சிதையாமல் நின்று வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குளோரினை வைத்தால் ஓசோன் படலத்துக்குக் கேடு. தீ, வெப்பம், ஓசோன் மூன்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கும் மலிவான கேஸ் வீட்டு ஏசிக்கு இன்னும் அமையவில்லை. எந்தக் குறையோடு வாழலாம் என்பதுதான் நம் தேர்வு.

முதலில் ஆர்-22. குளோரோடைஃப்ளூரோமீத்தேன். எரியாது, சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 41 டிகிரியில் கொதிக்கும், மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிய கேஸ். குளோரின் இருப்பதால், ஓசோனைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையில் சிக்கியது. வளரும் நாடுகள் 2030-க்குள் இதைக் கைவிட வேண்டும். பழுது பார்ப்பதற்கு மட்டும் சிறிதளவு 2040 வரை அனுமதி. புதிதாக இதை வாங்கும் பேச்சே இல்லை.

ஆர்-410ஏ தனி கேஸ் அல்ல, ஆர்-32-உம் ஆர்-125-உம் எடையில் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை. குளோரின் இல்லாததால் ஓசோனுக்குத் தொந்தரவு இல்லை, தீயும் பிடிக்காது. ஆனால் பூமியைச் சூடாக்கும் திறன் கார்பன் டைஆக்சைடைப் போல் 2,088 மடங்கு. ஆர்-22-க்கே அது 1,810தான்! ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கார்பன் டைஆக்சைடைக் காற்றில் விட்ட கணக்கு. அழுத்தமும் ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம் என்பதால் ஆர்-22-இன் பழைய கேஜும் ஹோஸும் இதற்கு ஆகாது. என்னைக் கேட்டால், இதைப் புதிதாக வாங்க இன்று ஒரு காரணமும் இல்லை.

ஆகவே போட்டி ஆர்-32-க்கும் ஆர்-290-க்கும்தான்.

ஆர்-32 என்பது டைஃப்ளூரோமீத்தேன். 2012-இல் ஜப்பானில் டைக்கின் நிறுவனம் இதை வீட்டு ஏசியில் கொண்டுவந்தது. பூமியைச் சூடாக்கும் திறன் 675, ஆர்-410ஏ-வில் மூன்றில் ஒரு பங்குதான். ஒற்றைப் பொருள் என்பதால் கலவை விகிதம் மாறும் கவலை இல்லை. அதே குளிர்ச்சிக்குக் குறைந்த கேஸே போதும். ஆனால் லேசாக எரியும், தீப்பற்றும் குணத்தை வைத்துப் பிரிக்கும் பட்டியலில் ஏ2எல் வகை. ஆர்-290 வேறு எதுவுமில்லை, சுத்திகரித்த புரொப்பேன். சமையல் கேஸில் இருக்கும் அதே பொருள். ஃப்ளூரினும் இல்லை, குளோரினும் இல்லை. பூமியைச் சூடாக்கும் திறன் ஒற்றை இலக்கத்தில்தான். நன்றாகவே எரியும், ஏ3 வகை. இந்தியாவில் 2012-இலேயே கோத்ரெஜ் இதில் ஏசி விட்டது.

எவ்வளவு ஆபத்து என்பதை வாயால் சொல்வதைவிடக் கணக்குப் போட்டுவிடலாம். 10-க்கு 12 அடி படுக்கையறை, தரைப் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். ஆர்-32 தீப்பிடிக்க ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 307 கிராம் சேர வேண்டும். புரொப்பேனுக்கு வெறும் 38 கிராம். இரண்டும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் தரையோரம் தங்கும். 800 கிராம் ஆர்-32 மொத்தமும் கசிந்து, கலையாமல் படிந்தால் எரியக்கூடிய அடுக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். 350 கிராம் புரொப்பேன் அப்படிப் படிந்தால் 80 சென்டிமீட்டர் வரை ஏறும். கட்டில், சுவர் பிளக் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஃபேன் ஓடி, அறை முழுக்கச் சீராகக் கலந்துவிட்டால் இரண்டுமே எரியும் அளவைத் தொடாது. ஆர்-290 ஏசியில் கேஸின் அளவை இவ்வளவு இறுக்கிப் பிடிப்பதும், அறையின் அளவைக் கேட்டு விற்பதும் இதனால்தான்.

தீ வேகமும் ஒன்றல்ல. ஆர்-32-இன் சுடர் நொடிக்கு 7 சென்டிமீட்டர்கூட நகராது. புரொப்பேன் 40-ஐ ஒட்டிப் பாயும். ஆனால் ஆர்-32-க்கு இன்னொரு முகம் உண்டு. எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் நச்சு அது. எரியாத ஆர்-22-உம் யோக்கியமில்லை. வெல்டிங் சுடரில் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் கொஞ்சம் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவும் உண்டாகும். கேஸ் இருக்கும் குழாயில் டார்ச் வைக்கும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துவதில் தப்பே இல்லை.

வெயில் விஷயத்தில் எனக்கு ஆர்-290 மேல் ஒரு சாய்வு உண்டு. அதன் உச்சநிலை வெப்பம், அதாவது எவ்வளவு அழுத்தினாலும் கேஸ் திரவமாகாத எல்லை, 96 டிகிரிக்கு மேல், ஆர்-22-ஐப் போலவே. ஆர்-410ஏ-வுக்கு அது 72-ஐ ஒட்டி, ஆர்-32-க்கு 78. கத்திரி வெயிலில் மொட்டைமாடி அவுட்டோர் யூனிட் கொதிக்கும்போது, அந்தச் சூட்டுக்கும் இந்த எல்லைக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய கம்ப்ரஸர் திணறும், கரண்ட் பில் ஏறும். ஆர்-32-இல் கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் கேஸின் சூடும் அதிகம்.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் ஆர்-32? மெக்கானிக்தான் காரணம். புரொப்பேனைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும், கசிவு காட்டும் கருவி வேண்டும், பக்கத்தில் பீடிகூட இருக்கக் கூடாது. உங்கள் ஊரில் ஏசி கம்பெனியிடம் இந்தப் பயிற்சி பெற்ற ஆள் இருந்தால் ஆர்-290 வாங்கலாம். இல்லையென்றால் ஆர்-32 போதும்.

எந்த கேஸானாலும் இரண்டு வேலைகளில் விலகி நில்லுங்கள். குழாயை அழுத்தி லீக் பார்க்க நைட்ரஜன்தான் பயன்படுத்த வேண்டும். சிலர் கைக்கு எட்டிய ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிடுவார்கள். ஆக்சிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். இரண்டாவது, ஏசியை இடம் மாற்றும்போது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும் வேலை. வால்வு சரியில்லாமல் காற்றும் உள்ளே போனால் அழுத்தத்தில் எண்ணெய் ஆவி தானே பற்றிக்கொள்ளும். எரியாத கேஸ் என்று பெயர் வாங்கியவற்றிலும் கம்ப்ரஸர் இப்படி வெடித்திருக்கிறது.

"கேஸ் தீந்துடுச்சு, ஃபில் பண்ணிடலாம்" என்று வருஷா வருஷம் வருபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: லீக் எங்கே? ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைத்து, குழாயிலுள்ள காற்றை பம்பால் உறிஞ்சி எடுத்து (வேக்கும் போட்டு), லேபிளில் உள்ள கிராம் கணக்கில் எடை பார்த்து ஏற்ற வேண்டும்.

பழைய ஆர்-22 ஏசி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விலை குறைவு என்று வரும் சிலிண்டரில் வேறு சரக்கு இருக்கலாம். 2011-இல் கப்பல்களில் வரும் குளிர்பதன கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவற்றில் ஏற்றிய போலி கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டாலே தீப்பற்றும் பொருளாக மாறியிருந்தது. அதே போல், "ஆர்-22-க்குப் பதில் இதுவும் ஓடும்" என்று சொல்லிப் புரொப்பேனை ஏற்றுபவர்களும் உண்டு. ஓடும், நன்றாகவே குளிரும். ஆனால் அந்த மெஷினின் ரிலேயும் ஸ்விட்சும் எரியும் கேஸுக்காகச் செய்தவை அல்ல, அளவும் 350 கிராமில் நிற்காது. அப்படி ஏற்றச் சம்மதிப்பதைவிட மெஷினை மாற்றிவிடலாம்.