மூன்று ஆண்டுகள், ஒரே ஹார்ட்டெயில்: ஒற்றையடிப் பாதையிலும் சுமைப் பயணத்திலும்

ஹார்ட்டெயில் வகை, அதாவது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) உள்ள மவுண்டன் பைக் ஒன்றை வாங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. வார இறுதிகளில் வேரும் கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளிலும், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கூடாரத்தையும் தூக்கப்பையையும் கட்டிக்கொண்டு போகும் இரண்டு மூன்று நாள் பயணங்களிலுமாக ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குறைந்த செலவில் இவ்விரண்டுக்கும் ஒரே வண்டியைத் தேடுவோருக்கு நான் சொல்வது இதுதான்: பிற்பாடு மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள், தேய்ந்துபோகிற பாகங்களை அடுத்துப் பார்க்கலாம்.

இந்தக் கருத்து என் முந்தைய வண்டியால் வந்தது. அதில் 21 கியர், இரு பக்கமும் டிஸ்க் பிரேக், தடித்த டயர் எல்லாம் இருந்தன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பின்சக்கரத்தில் இருந்த பல்சக்கரத் தொகுதி, ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூட்டில்) செருகப்படும் கேசட் அன்று, ஹப்பின் மரையில் முறுக்கி ஏற்றப்படும் ஃப்ரீவீல். அந்த அமைப்பில் வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உட்புறமாகத் தள்ளி அமைவதால், ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) ஒரு பகுதி தாங்கல் இல்லாமல் வெளியே நீண்டு நிற்கும். தார்ச் சாலையில் ஓட்டியவரை ஒன்றும் ஆகவில்லை. கல் பாதையில் இறங்கத் தொடங்கிய எட்டாம் மாதம் ஆக்ஸில் வளைந்தது. மாற்றினேன், மறுபடியும் வளைந்தது. நல்ல சக்கரமாகப் போடலாம் என்றால் ஃப்ரேமும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையும்) பழைய அளவுகளில் இருந்தபடியால், ஒன்றை மாற்றப் போனால் மற்றொன்று குறுக்கே நின்றது.

ஆகவே அடுத்த முறை, ஏறத்தாழ ஒரே விலையில் இருந்த இரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். ஒன்றில் 12 கியர், கண்ணைப் பறிக்கும் டீரெய்லர் (கியர் மாற்றும் கருவி). ஆனால் ஃபோர்க்கில் இருந்தது கம்பிச்சுருள், ஹெட் டியூப் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஃப்ரேம் குழாய்) மேலிருந்து கீழ்வரை ஒரே மெல்லிய பருமன், இரு சக்கரங்களுக்கும் குயிக் ரிலீஸ் (நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய அச்சு). மற்றதில் 10 கியர்தான். ஆனால் 120 மில்லிமீட்டர் இறங்கும் காற்று ஃபோர்க், மேலே ஒன்றே அரைக்கால் அங்குலமும் கீழே ஒன்றரை அங்குலமுமான தண்டை ஏற்கும் ஹெட் டியூப், முன்னால் 15 மில்லிமீட்டரும் பின்னால் 12 மில்லிமீட்டரும் உள்ள த்ரூ ஆக்ஸில்கள் (ஊடுருவி முறுக்கப்படும் தடித்த அச்சுகள்). இரண்டாவதையே எடுத்தேன். டீரெய்லரும் கேசட்டும் செயினும் எப்படியும் தேயும். தேயும்போது நல்லதாகப் போட்டுக்கொள்ளலாம். ஹெட் டியூபின் பருமனையும் பின் ஆக்ஸிலின் அளவையும் மாற்ற வேண்டுமானால் ஃப்ரேமையே மாற்ற வேண்டும்.

சுமைப் பயணத்துக்குக் காற்று ஃபோர்க் எவ்வளவு கைகொடுக்கும் என்பது வாங்கும்போது எனக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை. கம்பிச்சுருள் ஒரு குறிப்பிட்ட எடையை மனத்தில் கொண்டு செய்யப்படுவது. அதன் தலையில் உள்ள திருகை முறுக்கினால் சுருள் தொடக்கத்திலேயே சற்று அழுந்தி நிற்குமே தவிர, அதன் விறைப்பு அதிகரிக்காது. காற்று ஃபோர்க்குக்கு அதற்கென உள்ள சிறிய பம்ப் ஒன்று போதும். என் எடை 68 கிலோ. சுமையில்லாத வண்டியில் ஏறினால் ஃபோர்க் 24 மில்லிமீட்டர், அதாவது அது இறங்கக்கூடிய மொத்தத் தொலைவில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும்படி காற்றை வைத்திருக்கிறேன். ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஆட்டாமல் ஏறி, ஓட்டும் நிலையில் ஒரு கணம் இருந்து, ஆட்டாமல் இறங்கினால் வளையம் நிற்கும் இடமே கணக்கைச் சொல்லிவிடும். ஹேண்டில்பாரில் மூன்று கிலோ பையைக் கட்டியதும் அதே வளையம் 27-ஐத் தொடுகிறது; ஆறேழு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூட்டினால் பழைய இடத்துக்கு வருகிறது. காற்று கூடினால் ஃபோர்க் மீண்டு எழும் வேகமும் கூடும் என்பதால் ரீபவுண்ட் திருகையும் ஒரு கிளிக் மெதுவாக்கிக்கொள்கிறேன்.

பராமரிப்பில் நான் தவறிய இடமும் இதுவே. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தும் பதினான்கு மாதம் அதைத் தொடவில்லை. திறந்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு கரண்டி எண்ணெய்கூடத் தேறவில்லை. சீலுக்கு அடியில் உள்ள பஞ்சு வளையங்கள் காய்ந்து கிடந்தன. ஒரு காலின் பளபளப்பின் மீது, நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. புதிதாக வாங்குவோர் நாட்காட்டியில் குறித்துவைத்தாவது இதைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில், ஒரு பயணத்தின் முதல் நாள் மாலை, நீண்ட இறக்கம் ஒன்றில் முன்பக்கம் சர்ரென்று ஓர் ஓசை எழுந்து, இரண்டொரு விநாடியில் அடங்கியது. டயரில் சருகு ஏதோ சிக்கியிருக்கும் என்று எண்ணி நிற்காமல் இறங்கிவிட்டேன். கூடாரம் அடிக்கும்போது பார்த்தால், ஹேண்டில்பார்ப் பையின் அடிப்புறம் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து, உள்ளே இருந்த தூக்கப்பையின் வெள்ளைப் பஞ்சு எட்டிப்பார்த்தது. வண்டி நிற்கும்போது பைக்கும் டயருக்கும் நான்கு விரல் இடைவெளி இருந்தது. ஆனால் ஃபோர்க் 120 மில்லிமீட்டர் இறங்கும் என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. இப்போதெல்லாம் பையைக் கட்டியபின் ஃபோர்க்கின் காற்றை முழுக்க வெளியேற்றி, அடிவரை அழுத்தி, டயர் பையைத் தொடவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் மறுபடி காற்றடிக்கிறேன்.

பின்பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பதே இத்தகைய பயணங்களுக்கு ஹார்ட்டெயிலின் பெரிய வசதி. பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சக்கரம் சீட்டை நோக்கி எழும். ஷாக்கும் (பின்பக்க அதிர்வு தாங்கியும்) ஃப்ரேமின் முக்கோணத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் அந்த முக்கோணம் முழுவதும் காலியாக இருப்பதால் தண்ணீர், கருவிகள், உணவு என்று கனமானவை அனைத்தையும் அதற்குள் வைக்கிறேன். எடை தாழ்வாகவும் நடுவிலும் இருப்பதால் வளைவுகளில் வண்டி தளும்புவதில்லை. சீட்டுக்குப் பின்னால் நீளும் பையில் துணிமணி மட்டும். 29 அங்குலச் சக்கரத்துக்கு மேல், டிராப்பர் போஸ்டால் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் தண்டால்) சீட்டைத் தாழ்த்தினால் இந்தப் பை டயரில் உரசும் என்பதால், சுமைப் பயணங்களுக்கு டிராப்பரைக் கழற்றிவிட்டுச் சாதாரண சீட் போஸ்டை மாட்டிக்கொள்கிறேன். ஒற்றையடிப் பாதைக்கோ டிராப்பர் இல்லாமல் இனி என்னால் ஓட்ட இயலாது. வாங்கும்போது வண்டியில் அது இல்லாவிட்டாலும், சீட் டியூபின் அளவு 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டராக இருக்கிறதா, கேபிள் உள்ளே நுழைய ஃப்ரேமில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கியர் எண்ணிக்கையைப் பற்றி நான் கொண்டிருந்த கவலை வீண். முன்னால் 32 பல், பின்னால் 46 பல் என்று வந்த வண்டியில் பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 0.70 சுற்று உருண்டது. முன்பக்கப் பல்சக்கரத்தை 30 பல்லாக மாற்றியதும் அது 0.65 ஆயிற்று. 12 கியர் வண்டிகளின் 32-க்கு 51 என்ற விகிதமும் 0.63தான். ஒன்பது கிலோ சுமையோடு செங்குத்தான ஏற்றங்களில் இந்த 0.65 எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பிரேக் ஹைட்ராலிக்காகத்தான் (திரவ அழுத்தத்தில் இயங்குவதாகத்தான்) இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் என் வண்டியோடு வந்த டிஸ்க்கின் மீதே ரெசின் பேட் (பிசினால் ஆன பிரேக் கட்டை) மட்டும் பயன்படுத்துமாறு பொறித்திருந்தது. மழைநாளில், மணல் கலந்த சேற்றில், ஒரே பகலில் பின்பக்க ரெசின் பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோனது. எஞ்சிய இறக்கத்தை முன் பிரேக்கை மட்டும் நம்பி, பாதி தூரம் நடந்தும் கடந்தேன். அதன்பின் உலோகப் பேடுகளை ஏற்கும் டிஸ்க்குகளை, முன்னால் 180 மில்லிமீட்டரில் போட்டேன். வாங்கிய பிறகு நான் செய்த செலவுகளில் மிகவும் பயனுள்ளது இதுவே.

டயர் இரண்டும் 2.4 அங்குலம், டியூப்லெஸ். பின்பக்க அதிர்வைத் தாங்குவது பெரும்பாலும் டயரில் உள்ள காற்றுதான். ஃப்ரேம் எஃகா அலுமினியமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. சுமையில்லாதபோது முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ. சுமையோடு 22, 27. இந்தப் பின்பக்க எண்ணை நான் கண்டடைவதற்குள் ரிம் இரண்டு இடங்களில் நசுங்கிவிட்டது. சென்ற மாதம் அந்தச் சக்கரத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆக்ஸில் 12 மில்லிமீட்டர், ஹப் அகலம் 148 மில்லிமீட்டர் என்ற பரவலான அளவு என்பதாலும், 11 பல்லில் தொடங்கும் என் கேசட் வழக்கமான ஹெச்ஜி வகை ஃப்ரீஹப்பிலேயே (ஹப்பில் கேசட் ஏறும் பகுதியிலேயே) ஏறும் என்பதாலும், 32 ஸ்போக் கொண்ட உறுதியான சக்கரம் ஒன்று தேடாமலே கிடைத்தது. பழைய கேசட்டையும் டிஸ்க்கையும் அதற்கு மாற்றி, ஆக்ஸிலை முறுக்கி, அன்று மாலையே ஓட்டிப் பார்த்தேன்.