வளாக அவசர உதவி: மாணவர் குழுவா, சம்பளப் பணியாளர்களா?

இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தாமல், மின் அதிர்ச்சி தராமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. இந்தக் கணக்கில், கல்லூரி வளாகத்தில் முதலுதவிப் பயிற்சி பெற்ற மாணவர் குழுவை அடிக்க ஆளில்லை. விடுதியிலேயே இருப்பார்கள், எந்தப் படிக்கட்டு எங்கே போகும் என்று தெரியும். நிமிடத்துக்கு 100–120 முறை அழுத்தப் பழகியிருப்பார்கள். மற்றதை, இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் ஏஇடி (AED) கருவியே பேசி வழிகாட்டும். குடித்து மயங்கிய நண்பனுக்காக நிர்வாகத்துக்குப் பயப்படாமல் கூப்பிடவும் சக மாணவர்தான் தோது.

சம்பளப் பணியாளர்களுக்கு அனுபவம் அதிகம், செலவும் அதிகம். ஆனால் தேர்வு வாரத்திலும் விடுமுறையிலும் அவர்கள்தான் இருப்பார்கள். மாணவர் குழுவின் ஓட்டை அங்கேதான். பயிற்சி முடித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பியும் விடுவார்கள்.

என்னைக் கேட்டால் முதல் 5 நிமிடம் மாணவர்களுக்கு, அப்புறம் ஆம்புலன்ஸுக்கு. ஒரே நிபந்தனை: கோரமான விபத்தைப் பார்த்த பிள்ளைகளோடு மறுநாள் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.