பழைய பதிவுகளை நீக்கித் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள்: 18,500 ரூபாய் போச்சு

என் 18,500 ரூபாய் இனி வராது என்று இன்று காலை உறுதியாகிவிட்டது. கோபம் அடங்கவில்லை, எழுதுவது முன்னே பின்னே இருக்கும்.

மூன்று வருஷமாக, கல்யாண வாழ்க்கையில் நான் பட்டதையெல்லாம் இணையத்தில் புனைபெயரில் எழுதி வந்தேன். பெயர் கிடையாது, போட்டோ கிடையாது. இப்போது குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பழைய மெயிலும் போய்விட்டது, என்னால் எதையும் அழிக்க முடியவில்லை. அப்போதுதான் 'பழைய பதிவுகளை அடியோடு நீக்கித் தருகிறோம்' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது.

போனில் பேசியவன் லிங்க் மட்டும் கேட்டான். அரை மணி நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டு, "மேடம், கோயம்புத்தூர், வடவள்ளி பக்கம்" என்று ஆரம்பித்து என் முழுப் பெயரையும் சொன்னான். அடிவயிறு கலங்கிவிட்டது. எப்படி என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினான். சிறுவாணித் தண்ணீர் வரவில்லை என்று ஒரு நாள் புலம்பியிருக்கிறேன், அதில் ஊர் தெரிந்துவிட்டது. இன்னொரு நாள் 'காலை 9 மணியிலிருந்து கரண்ட் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தேதியில் எந்தெந்த ஏரியாவில் மின்தடை என்பது பேப்பரிலேயே வந்திருக்கிறது. அப்புறம் என் எழுத்து. 'நெசமாலுமே சொல்றேன்' என்று தொடங்கி இரண்டு புள்ளி வைப்பது என் பழக்கம். சொந்தப் பெயரில் போடும் சமையல் குறிப்புகளிலும் அப்படித்தான் எழுதுவேன். மகளுக்கு அம்மை போட்டதை இரண்டு இடத்திலும் ஒரே நாளில் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு கண்டுபிடிக்கிறவனுக்கு அழிக்கவா தெரியாது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். ஆதார் நகலை அனுப்பினேன். 18,500 ரூபாயை ஒரே தடவையில் போட்டேன்.

மூன்றாம் நாள், "ப்ராசஸ்ல இருக்கு மேடம்." ஐந்தாம் நாள், "டீம்கிட்ட சொல்லியிருக்கோம்." ஒரு பதிவுகூட நீங்கவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்து, அந்தப் பெயரில் இங்கே யாருமே இல்லை என்கிறாள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவனே கேட்டான்: "இந்த லிங்கை உங்க வீட்டுக்காரருக்கு அனுப்பட்டுமா மேடம்?"

அவன் செய்தது பெரிய வித்தையே இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் இணையத் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. தேடிய வார்த்தைகளை மட்டும் வைத்தே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த 62 வயது அம்மாவை நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2012இல் வந்த ஓர் ஆய்வில், 1,00,000 வலைப்பதிவர்களுக்கு நடுவே எழுத்து நடையை மட்டும் வைத்து, ஐந்தில் ஒரு தடவைக்கு மேல் எழுதியவரைக் கணினி சரியாகச் சொன்னது. என்னைப் பிடிக்க ஒரு போனும் அரை மணி நேரமும் போதுமாக இருந்தது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. தண்ணீர், கரண்ட், மழை என்று அன்றைய சங்கதியை அன்றே எழுதாதீர்கள். சொந்தப் பெயரில் சொன்னதைப் புனைபெயரில் சொல்லாதீர்கள். பழைய கணக்கின் பாஸ்வேர்டைத் தொலைக்காதீர்கள். உங்களைக் கண்டுபிடித்துக் காட்டுகிறவனிடம் ஆதாரைக் கொடுக்காதீர்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் ஏழு நாள் கழித்துக் கூப்பிட்டேன்.

நேற்று ராத்திரி அம்மாவிடமும் வக்கீலிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதனால்தான் இதைச் சொந்தப் பெயரில் எழுதுகிறேன்.