நாமே ஸ்பானிஷ் படிப்பதா, போனில் இன்டர்ப்ரெட்டரை வைப்பதா?

அமெரிக்காவின் ஹூஸ்டனில் வக்கீலாகக் குடியேற்றச் சட்டம் பார்க்க ஆரம்பித்த புதிதில், எல் சால்வடோரிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் தஞ்ச மனுவை நான்தான் எழுதினேன். அப்போது எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. நிமிஷக் கணக்கில் காசு வாங்கும் போன் இன்டர்ப்ரெட்டர் நடுவில். “வாடகை கேட்டுத் தொந்தரவு செய்தார்கள், கட்ட முடியவில்லை, கிளம்பிவிட்டேன்” என்று ஆங்கிலத்தில் வந்தது. அப்படியே எழுதிக்கொண்டேன். ரிசப்ஷனில் இருந்த ஹோண்டுரஸ்காரப் பெண் தாளைப் புரட்டிவிட்டு, “லிசென்சியாதோ, கடை அவங்க சொந்தக் கடைன்னு முதல் பக்கத்துல எழுதியிருக்கீங்க. அப்புறம் யாருக்கு வாடகை?” என்றார். (வக்கீலை அந்த நாடுகளில் ‘லிசென்சியாதோ’ என்றுதான் கூப்பிடுவார்கள்.)

அந்தப் பெண்மணி சொன்ன ‘லா ரென்டா’வுக்கு அகராதியில் வாடகை என்று பொருள். எல் சால்வடோர் தெருவிலோ கும்பல்கள் கடைக்காரர்களிடம் பிடுங்கிவந்த மாமூல். “மாமூல் கேட்டான்” என்பதை “வழக்கமானதைக் கேட்டான்” என்று ஆங்கிலத்தில் சொன்ன கதைதான். வாடகை கட்ட முடியாமல் வந்தவர் என்றால் வறுமைக்கு வந்தவர் என்று வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மாமூல் என்று எழுதினாலும் உடனே தஞ்சம் கிடைத்துவிடாது; இவரைக் குறிவைத்ததற்கு இனம், மதம், அரசியல் கருத்து என்று சட்டம் ஏற்கிற ஒரு காரணம் வேண்டும். ஆனால் அதைத் தோண்டிக் கேட்கவாவது தோன்றும்.

அதன் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். ஸ்பானிஷ் தெரிந்தால் கட்சிக்காரர் சீக்கிரம் நம்புவார், போன் பில் குறையும், ஒருவர் பத்துப் பேரைக் கூட்டிவருவார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

கோர்ட்டுக்கு ஸ்பானிஷ் தேவையில்லை என்று வாதிடுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குடியேற்ற நீதிமன்றம் அரசுச் செலவில் இன்டர்ப்ரெட்டரை அமர்த்துகிறது. தஞ்ச அலுவலக நேர்காணலுக்கு மனுதாரரே 18 வயது நிரம்பிய ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவருடைய வக்கீல் அந்த வேலையைச் செய்யவே கூடாது. ஆக, ஸ்பானிஷ் தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய இடங்கள் இவை. ஆனால் காதை மூட வேண்டியதில்லையே! பதிவில் ஏறுவது இன்டர்ப்ரெட்டரின் ஆங்கிலம்தான். ஒருமுறை என் கட்சிக்காரர் சபைக்கு வரும் விசுவாசியை ‘எர்மானோ’ என்றார். ஆங்கிலத்தில் அவர் கூடப்பிறந்த சகோதரர் ஆகிவிட்டார். மனுவிலோ உடன்பிறந்தவர் யாரும் இல்லை. உடனே எழுந்து ஆட்சேபித்தேன். பெரியப்பா மகனையும் அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று உறைக்கும். விட்டிருந்தால் அரசுத் தரப்பு முரண்பாடு என்று பிடித்துக்கொண்டிருக்கும். 2005-இல் வந்த ரியல் ஐடி சட்டப்படி, வழக்கின் மையத்தைத் தொடாத சின்ன முரணைக் காட்டியும் ஒருவரை நம்பத்தகாதவர் என்று நீதிபதி சொல்லலாம்.

இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது முதல் சந்திப்பு. கோர்ட்டுக்கு எட்டு மாதமோ மூன்று வருஷமோ முன்னால், நம் மேஜையில் நடக்கிற அந்த ஒரு மணி நேரம். இன்டர்ப்ரெட்டர் வழியாக வரும்போது வார்த்தைக்கான அர்த்தம் ஏற்கெனவே முடிவாகி வருகிறது. சந்தேகப்பட வேண்டிய வார்த்தை நம் காதில் விழுவதே இல்லை.

மெக்சிகோவின் எல்லை ஊரான திஹுவானா வழியாக வந்த ஒருவர் “பாசே போர் லா லீனேயா” என்றார். “எல்லைக் கோட்டைக் கடந்தேன்” என்று அது ஆங்கிலத்தில் வந்திருந்தால், ‘சோதனையின்றி நுழைந்தவர்’ என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அந்த ஊர்க்காரர்களுக்கு ‘லா லீனேயா’ என்றால் கார்கள் வரிசைகட்டும் அதிகாரபூர்வ எல்லைச் சாவடி. நிறுத்திக் கேட்டேன். மாமா காரின் பின்சீட்டில் இருந்தாராம். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையசைத்து அனுப்பினாராம். அமெரிக்கக் குடிமகன் என்று பொய் சொல்லாதவரை, இப்படி நுழைந்ததும் முறையான நுழைவே என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அவருடைய மனைவி அமெரிக்கக் குடிமகள். நுழைவை நிரூபித்தால் இங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியே போய்த்தான் வாங்க வேண்டும்; ஒரு வருஷத்துக்கு மேல் சட்டவிரோதமாக இருந்தவர் வெளியே போனால், விலக்கு கிடைக்காதவரை 10 வருஷத் தடை. கட்சிக்காரர்கள் அதை ‘காஸ்திகோ’, தண்டனை, என்பார்கள். விலக்கு மனுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெர்தோன்’, மன்னிப்பு. இந்தச் சொற்கள் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது.

கணவர் என்று பொருள்படும் ‘எஸ்போசோ’வும் இப்படித்தான். தாலி கட்டின புருஷன் மாதிரி சொல்வார்கள்; தோண்டினால் பதிவே செய்யாமல் பதினைந்து வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறவர். திருமணமானவர் என்று ஒரு படிவத்திலும் ஆகாதவர் என்று இன்னொன்றிலும் இருந்தால், வக்கீல் செய்த தப்புக்குக் கட்சிக்காரர் பொய்யராகிறார்.

மூன்றாவது வழி, இரண்டு மொழியும் தெரிந்த உதவியாளர். செலவுக்கு இதுதான் சிக்கனம், ஆரம்பிக்கிற ஜூனியருக்கு நான் சொல்வதும் இதுதான். என் தப்பைப் பிடித்தவரே ஒரு உதவியாளர்தானே. அவர் வேறு வேலைக்குப் போனபோது அலுவலகத்தின் காதும் கூடவே போய்விட்டது. கட்சிக்காரரின் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தனக்கு நடந்த பலாத்காரத்தை எந்தத் தாய் மகன் வாயால் சொல்வாள்?

படிப்பது லேசு என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஏறக்குறைய 600, 700 மணி நேர வகுப்பு என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் கணக்கு. எனக்கு அதற்கு மேலேயே ஆனது, முதல் இரண்டு வருஷம் இன்டர்ப்ரெட்டரையும் லைனில் வைத்துக்கொண்டேதான் பேசினேன். அரைகுறை ஸ்பானிஷ் ஆபத்து. கியூபாக்காரர் வேகமாகப் பேசினால் இன்றைக்கும் இரண்டு தடவை கேட்கிறேன். ஹெச்-1பி மாதிரி கம்பெனி விசா வேலை நான் அதிகம் பார்த்ததில்லை. அதிலேயே இருக்கும் நண்பர் ஒரு ஸ்பானிஷ் வார்த்தை இல்லாமல் நன்றாகவே நடத்துகிறார். அவருடைய கட்சிக்காரர்கள் ஹைதராபாத், சென்னை என்ஜினியர்கள்.

குவாத்தமாலா மலைப்பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம்தான் என் ஸ்பானிஷும் திணறுகிறது. அவர்களுக்கு மாம், கிச்சே, கான்ஹோபால் போன்ற மாயா மொழிகள்தான் தாய்மொழி. எதைக் கேட்டாலும் மரியாதைக்கு “சி, சி” (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுவார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்து நான் ஏமாந்ததுண்டு. மாம் மொழியிலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர் என்று இரண்டு பேரை லைனில் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது முதல் ஆள் போதும். மாதாமாதம் போன் பில் இன்னும் வருகிறது, பெரும்பாலும் மாம் கணக்கில்.