வொர்க்மேனேஜர்: வேலையை நம்பி ஒப்படைக்கலாம், நேரத்தை ஒப்படைக்க முடியாது

நான் பராமரிக்கும் ஆண்ட்ராய்டு செயலி ஒரு மருந்துக் குறிப்பேடு. எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று குறித்து வைத்தால் அந்த நேரத்தில் நினைவூட்டும். போட்ட கணக்கை இரவில் சர்வருக்கு அனுப்பும். பழைய கோப்புகளை அவ்வப்போது துடைத்துவிடும். பின்னணியில் நடக்க வேண்டிய இந்த மூன்று வேலைகளில் இரண்டை முழுக்க வொர்க்மேனேஜரிடம் விட்டிருக்கிறேன். நினைவூட்டலை மட்டும் விடவில்லை.

வொர்க்மேனேஜர், ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்களுக்காகக் கூகுள் தரும் ஜெட்பேக் தொகுப்பில் வரும் லைப்ரரி. செயலி திறந்திருக்காதபோதும் பின்னணி வேலைகளை ஓட்டும். 2018இல் அறிமுகமாகி, 2019 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தது. அதற்கு முன்பெல்லாம் புதிய போனுக்கு ஜாப்ஷெடியூலர் (பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தும் கருவி), பழைய போனுக்கு அலாரம்மேனேஜர் (குறித்த நேரத்தில் செயலியை எழுப்பும் கருவி) என்று ஒரே வேலைக்கு இரண்டு வழி எழுதிக்கொண்டிருந்தோம். அந்தத் தலைவலி இப்போது இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கொடுத்த வேலையை மறக்காமல் இருப்பது. ஒவ்வொரு வேலையையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. இதை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்த்தேன். போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, அனுப்பும் வேலையை வரிசையில் சேர்த்துவிட்டு, அப்படியே ரீஸ்டார்ட் செய்தேன். பூட்டை எடுத்து, செயலியைத் தொடாமலே நெட்டை மட்டும் இயக்கினேன். கொஞ்ச நேரத்தில் அன்றைய கணக்கு சர்வர் பதிவில் வந்து நின்றது. பார்த்ததும் உண்மையிலேயே மனசு நிறைந்தது. இதையே கையால் எழுதினால் எத்தனை இடத்தில் சறுக்கும் என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

நிபந்தனைகளும் அப்படித்தான். நெட் இருக்க வேண்டும், சார்ஜில் இருக்க வேண்டும், பேட்டரி குறைந்திருக்கக் கூடாது என்று சொல்லி வைத்தால் அது காத்திருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நெட் போனால் பாதியில் நிறுத்திவிட்டு, பிறகு முதலிலிருந்து ஓட்டும். அதனால் ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் கெடுதல் வராதபடி எழுத வேண்டும். என் செயலியில் ஒவ்வொரு மாத்திரைப் பதிவுக்கும் போனிலேயே ஓர் அடையாள எண் உருவாகிவிடும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் கண்டுகொள்ளாது. சர்வர் படுத்திருந்தால் 'ரீட்ரை' என்று திருப்பிச் சொன்னால் போதும். நாம் எதுவும் மாற்றாவிட்டால் முதலில் 30 விநாடி காத்திருக்கும், அப்புறம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும், உச்சம் 5 மணி நேரம். வேலைக்குள் அனுப்பும் தரவு 10 கேபியைத் தாண்டக் கூடாது. ஆகவே எண்ணை மட்டும் கொடுத்து, மீதியை உள்ளே போய் எடுத்துக்கொள்வதே சரி.

சரி, நேரத்துக்கு வருவோம். திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். 5 நிமிடம் என்று கொடுத்தாலும் செயலி நின்றுவிடாது. இடைவெளியை 900000 மில்லிவிநாடியாக மாற்றிக்கொண்டதாக லாக்கில் ஒரு வரி மட்டும் எழுதும். அந்த 15 நிமிடமும் கணக்காக வராது. ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கும் டோஸ் (போன் சும்மா கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிவைக்கும் முறை), 9இல் வந்த ஸ்டாண்ட்பை பக்கெட் (எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதை வைத்துச் செயலிகளைப் பிரிக்கும் முறை) இரண்டும் சேர்ந்து, அதிகம் திறக்காத செயலியின் வேலையை இன்னும் தள்ளிப்போடும். பேட்டரிக்கு நல்லதுதான். இரவு கணக்கு 11 மணிக்குப் போனால் என்ன, 2 மணிக்குப் போனால் என்ன? ஆனால் எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்குத்தான் நினைவுக்கு வர வேண்டும். ஒருவரின் உடம்பு இதை நம்பி இருக்கிறது.

அதனால் நினைவூட்டலுக்கு அலாரம்மேனேஜரின் துல்லிய அலாரம். இதில் உழைப்பு அதிகம். போன் ரீஸ்டார்ட் ஆனால் அலாரங்கள் அழிந்துவிடும், நாமே மறுபடி வைக்க வேண்டும். போனின் கடிகாரமோ நேர மண்டலமோ மாறினால் அலாரம் அழியாது, ஆனாலும் நேரத்தைச் சரிபார்த்து நாமே மறுபடி வைக்க வேண்டும். டோஸில் இருக்கும்போது 9 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் அடிக்காது. ஆண்ட்ராய்டு 12இலிருந்து இதற்குத் தனி அனுமதி உண்டு. 14 ஓடும் போனில் புதிதாக நிறுவினால் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி தானாகக் கிடைக்காது, பயனர் அமைப்புகளுக்குப் போய்த் தர வேண்டும். என் செயலியில் அது இல்லாதவரை முதல் திரையின் மேலேயே 'நினைவூட்டல் தாமதமாகலாம்' என்று பெரிய எழுத்தில் நிற்கும், பக்கத்திலேயே அனுமதிப் பக்கத்துக்குப் போகும் பொத்தான். சின்ன எழுத்தில் ஒரு மூலையில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஐபோனில் இந்தப் பகுதி எளிது. உள்ளூர் நோட்டிஃபிகேஷனை முன்கூட்டியே சிஸ்டத்திடம் கொடுத்துவிடலாம், சொன்ன நேரத்துக்கு வரும். ஒரு செயலிக்கு 64 மட்டுமே நிலுவையில் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பின்னணி வேலைக்கான பிஜிடாஸ்க்ஷெடியூலரோ நேர விஷயத்தில் வொர்க்மேனேஜரைவிடக் கைவிரிக்கும். இந்த நேரத்துக்கு முன் வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

அமைப்புகளில் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' அழுத்திவிட்டால் வொர்க்மேனேஜர், அலாரம் இரண்டுமே நின்றுபோகும். பயனர் மறுபடி திறந்த பிறகுதான் உயிர் வரும். சில போன்களில் தயாரிப்பாளர் வைத்திருக்கும் பேட்டரி சேமிப்பான் பயனரைக் கேட்காமலே செயலியை நிறுத்திவிடுகிறது. 'நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை' என்று எனக்கு வரும் கடிதங்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். இதற்கு நிரல் எழுதித் தீர்வு காண வழியில்லை. பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து செயலியை எப்படி விலக்குவது என்று படத்தோடு ஒரு உதவிப் பக்கம் வைத்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எந்த வேலை வரிசையில் இருக்கிறது, எது ஓடுகிறது, எது தோற்றது என்று நேரடியாகப் பார்க்கலாம். வொர்க்மேனேஜரின் 2.9 பதிப்பிலிருந்து வேலை ஏன் நிறுத்தப்பட்டது என்ற காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது, போன் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால். இந்த ஒன்றுக்காகவே பழைய பதிப்பில் இருப்பவர்கள் மாறலாம்.